பின்னலில் ஆள் மாற்றியவள்

தம்பி,

இந்தக் கடிதத்தை ஆபீசில் வைத்துப் பிரிக்காதே. வீட்டுக்குப் போய் சட்டையை மாற்றி, ஒரு கிளாஸ் மைலோ கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. சனிக்கிழமை தவறாமல் சுபாங் ஜெயாவிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற மகனுக்கு எதற்குக் கடிதம், நேரிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். நேரில்தான் சொல்லப் பார்த்தேன். "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப, விடுங்க" என்று சொல்லிவிட்டு நீ பேப்பரை விரித்துக்கொண்டாய். உன் முகம் அந்தப் பக்கம் போய்விட்டது. எழுதினால் நடுவில் என்னை நிறுத்த உன்னால் முடியாது. பாதியில் மடித்து வைத்தாலும் மிச்சம் அங்கேயே இருக்கும்.

போன சனிக்கிழமை உன் வருங்கால மனைவி ஷாமினி அவள் தோழிகளை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருந்தாள் அல்லவா. கல்யாண விருந்தில் கோலாட்டம் ஆடப் போகிறோம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் ஆடுங்களேன், மாப்பிள்ளை ஆடினா சூப்பரா இருக்கும் லா" என்று அவள் உன்னைக் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "எனக்கு ஆடத் தெரியாது. சின்னதுல இருந்தே கால் வராது" என்றாய். உனக்குக் கால்குலேட்டர் மட்டும்தான் வரும் என்று ஒரு தோழி கிண்டல் செய்தாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் வடைத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். நீ ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டாய். அவர்கள் சாப்பிட்டுக் கிளம்பும்வரை நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. தலைவலி என்று பிறகு சொன்னேனே, அது பொய்.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கோயில் அன்னதானத்தில் யார் எந்தப் பந்தியில் உட்காருவது, கல்யாண போட்டோவில் யார் பக்கத்தில் யார் நிற்பது, இதையெல்லாம் பார்த்து ஆட்களை நிறுத்துவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டது. "உங்கம்மா இருந்தா டிராபிக் போலீசுக்கு லீவு குடுத்துரலாம்" என்று உன் அப்பா சொல்வார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். எந்த விசேஷத்திலும் என் குரல் கேட்காவிட்டால் எனக்கே என்னவோ போல இருக்கும். குட்டையானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால், சிவப்புச் சேலைக்குப் பக்கத்தில் சிவப்புச் சேலை வேண்டாம், இப்படி ஏதாவது ஒன்று வாயில் ஓடிக்கொண்டே இருக்கும்.

நீ பத்தொன்பது வயதில் ஆறாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த வருடக் கடைசியில்தான் நான் கமிட்டியில் இருந்த கலைச் சங்கம் கிள்ளானில் அந்த நாட்டுப்புறக் கலைவிழாவை நடத்தியது. பள்ளி விடுமுறை என்பதால் ஒரு பள்ளிக்கூடத்தின் மண்டபமும் திடலும் வாரம் முழுக்கக் கிடைத்தன. மண்டபத்தின் ஒரு மூலையில் கரகப் பட்டறை, இன்னொரு மூலையில் கைக்குட்டையை வீசி ஆடும் ஒயிலாட்டம், வெளியே மரத்தடியில் கும்மி. செந்தூலிலிருந்தும் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் பஸ்சிலும் லோரியிலும் வந்து இறங்கினார்கள். சாப்பாடு, சேலை, மேடை மூன்றும் என் பொறுப்பு. உன்னைப் பானை தூக்கத்தான் கூட்டிக்கொண்டு போனேன். கோலாட்டப் பட்டறையில் பையன் ஒருவன் வரவில்லை என்று மாஸ்டர் உன்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும் அந்த மாஸ்டருக்கு, துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆட்டம் சொல்லிக் கொடுப்பவர். நீ கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, காதெல்லாம் சிவக்க, போய் நின்றாய். மத்தியானம் நான் சாப்பாடு போட ஆள் தேடி வந்து பார்த்தபோது உன்னை அடையாளமே தெரியவில்லை.

அது சாதாரணக் கோலாட்டம் இல்லை, பின்னல் கோலாட்டம். ஷாமினிக்கு இதைச் சொல்லும்போது கையால் காட்டிக் காட்டித்தான் புரியவைத்தேன், அதனால் இங்கேயும் எழுதிவிடுகிறேன். உத்தரத்தில் ஒரு இரும்பு வளையம். அதிலிருந்து பல நிறக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு கயிறு, அதோடு கையில் கோல். பாதிப் பேர் வலமாகச் சுற்றுவார்கள், மீதிப் பேர் இடமாகச் சுற்றுவார்கள். எதிரே வருகிறவரோடு கோலைத் தட்டிவிட்டு ஒருமுறை உள்ளே புகுந்து, ஒருமுறை வெளியே வந்து போகப் போக, தலைக்கு மேலே கயிறுகள் சடை மாதிரி பின்னிக்கொண்டு இறங்கும். கைக்கெட்டும் வரை பின்னி முடித்ததும் மாஸ்டர் தாளத்தை மாற்றுவார். எல்லாரும் திரும்பி, வந்த வழியே அதே மாதிரி ஆடிப் போனால் சடை தானாக அவிழும். எதிரெதிராகச் சுற்றுகிறவர்கள் சந்தித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரே பக்கம் சுற்றுகிறவர்கள் கடைசிவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இதை நான் அந்த வாரம் நன்றாகக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

உனக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியவள் கஸ்தூரி. சாலாக் செலாத்தானிலிருந்து வந்த பெண், அவள் அப்பா லோரி ஓட்டினார். உன்னைவிட ஒரு வயது குறைவாக இருக்கும். ஒல்லி, நல்ல உயரம், சத்தமாகச் சிரிப்பாள். அவள் கோலும் உன் கோலும் தட்டும்போது மட்டும் ஒரே ஒரு சத்தம் கேட்கும், மற்ற ஜோடிகளுக்கு முன்பின்னாக இரண்டு கேட்கும். மாஸ்டரே ஒருமுறை எல்லாரையும் நிறுத்தி, "இவங்க ரெண்டு பேரையும் பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்தும் நீ அகப்பைக் காம்பை வைத்துக்கொண்டு உன் தங்கையைப் பாடாய்ப் படுத்தினாய். சாப்பிடும்போது பேசினாய். அதுவரை நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளை, உள்சுற்று வெளிச்சுற்று என்று உன் அப்பாவுக்குத் தட்டில் விரலால் வரைந்து காட்டினாய். அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் நம் வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம், என்னைத் தவிர.

கிள்ளான் கமிட்டி அக்காவிடம் நான் கேட்டேன், "அந்த சாலாக் பொண்ணு, அவங்க என்ன ஆளுங்க?" நம் ஊரில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார். உங்கள் இருவருக்குள் என்ன இருந்தது, ஏதாவது இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் காரியத்தை முடிக்கப் பார்த்தேன்.

கடைசி நாள் அரங்கேற்றம். தலைமை விருந்தினராக ஒரு ஒய்.பி., அந்தத் தொகுதி உறுப்பினர், வருவதாக இருந்தது, மதியமே மண்டபம் நிரம்பிவிட்டது. சேலை கட்டிவிடுகிற சாக்கில் நான் மேடைக்குப் பின்னால் வந்து, எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லிப் பார்த்தேன். "மாஸ்டர், இந்தச் சுத்துல உயரம் சரியில்லையே. கஸ்தூரிய அந்தப் பக்கச் சுத்துல விடுங்க, அங்க இருக்கிற பொண்ண இங்க கொண்டாங்க" என்றேன். அதாவது கஸ்தூரியை உன் பக்கச் சுற்றுக்கு. ஒரே பக்கம் போனால் நீங்கள் சந்திக்க மாட்டீர்கள். மாஸ்டர் திகைத்துவிட்டார். "அம்மா, பின்னல்ல ஆள மாத்தக் கூடாதும்மா. கால் பழகிப்போச்சு. திரும்பி வரும்போது குழம்பிடும்." நான், "பாக்குறவங்க கண்ணுக்கு நல்லா இருக்கணும்ல? இதுகூட சமாளிக்க முடியாதா?" என்றேன். சேலை என் பொறுப்பு, மேடை என் பொறுப்பு, அவர் என்ன செய்வார். நீ அங்கேயே நின்றிருந்தாய், தம்பி. கஸ்தூரி உன்னைவிட ஒரு விரற்கடைதான் குட்டை, உயரத்தில் ஒரு குறையும் இல்லை என்று அங்கே உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். நீ என்னைப் பார்த்தாய். அவள்தான், "பரவால்ல ஆன்டி, ஆடிடலாம்" என்றாள்.

பின்னும்போது ஒரு தவறும் நடக்கவில்லை. கஸ்தூரி உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் எண்ணி எண்ணி வைத்தாள். அவளோடு இடம் மாறிய பெண் யார் வராவிட்டாலும் அந்த இடத்தில் ஆடிப் பழகியவள், அவளுக்குக் கஷ்டமாக இல்லை. சடை அழகாக இறங்கி வந்தது, ஒய்.பி. கைதட்டினார், நான் ஓரத்தில் நின்று பெருமையாகப் பார்த்தேன். பிறகு மாஸ்டர் தாளத்தை மாற்றினார். எல்லாரும் திரும்ப வேண்டிய இடத்தில் அவள் கால் பழைய பழக்கத்தில் உனக்கு எதிர்ப்பக்கமாகவே போய்விட்டது. நேராக உன் முன்னால் வந்து நின்றாள். நீங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. கோலை உயர்த்தித் தட்டினீர்கள். தாளத்தில் இல்லாத அந்தத் தட்டு மண்டபம் முழுக்கக் கேட்டது.

அதற்குள் கயிறுகள் குறுக்கும் நெடுக்குமாக மாட்டிக்கொண்டன. ஒருவர் இழுக்க இன்னொருவர் கயிறு இறுகியது, ஆட்டம் நின்றது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள், சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. கஸ்தூரி நடுமேடையில் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் அப்பா லோரி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்போது நீ உன் கயிற்றை விட்டாய். வட்டத்திலிருந்து விலகி முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "மாஸ்டர், நான்தான் தப்பா திரும்பிட்டேன். எனக்கு ஆட வரல. மன்னிச்சிருங்க." மாஸ்டருக்கு உண்மை தெரியும். கஸ்தூரிக்குத் தெரியும். எனக்குத் தெரியும். மூவரும் வாயைத் திறக்கவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கி என்னைக் கடந்து போனாய். காவலாளி ஏணி வைத்து ஏறிச் சடையை அப்படியே கழற்றி இறக்கினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நீ பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய், தூங்கவில்லை. ஃபெடரல் ஹைவேயில் பாதி தூரம் வந்தபோது உன் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பாமல், "உயரம் சரியா இருந்துச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை, அன்றைக்கு அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் சாகும்வரை அதைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசவில்லை, நானும் பேச இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு நீ கோலைத் தொடவில்லை. முதலில், வெட்கம், நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உன் தங்கை கல்யாணத்தில் பையன்கள் உன்னை ஆடக் கூப்பிட்டபோது கார்களை நிறுத்த இடம் பார்க்கிறேன் என்று போய்விட்டாய். திருவிழாவில் உறுமி அடித்தால் எல்லாருக்கும் தோளாவது அசையும், நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாய். "உங்க மகன் எவ்வளவு அடக்கம்" என்று சொல்வார்கள். நான் சிரித்துவைப்பேன். அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் பெற்ற பிள்ளைக்கு ஒரு சந்தோஷம் தானாக வந்து கிடைத்தது, அதை நானே பிடுங்கிப் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ள உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சின்ன வயதில் உன் தங்கை அடுத்த வீட்டு மீன்தொட்டியை உடைத்தபோது நீ போய் "நான்தான்" என்றாய். எனக்கு உண்மை தெரிந்தும் உன்னைக் கட்டிப்பிடித்து, பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வருடம் ஆபீசில் மற்றவன் செய்த தவறுக்கு நீ பொறுப்பேற்றுக்கொண்டு பதவி உயர்வை விட்டாயே, அதைக் கேட்டபோது எனக்குப் பெருமை வரவில்லை, பயம்தான் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் ஏதாவது தவறு நடக்கும். அப்போது "நான்தான்" என்று சொல்லிவிட்டு நீ பேப்பருக்குள் போய்விட்டால் அந்தப் பெண் யாரோடு சண்டை போடுவாள்? அவளோடு சண்டை போடு. உன் மேல் தப்பு இல்லை என்றால் இல்லை என்று சொல். முக்கியமாக, என் மேல் தப்பு இருந்தால் என் மேல் என்று சொல். மாமியார் மருமகள் விவகாரத்தில் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு பொய்யும் சொல்லாதே. நீ என்னைக் காப்பாற்றியது போதும்.

கஸ்தூரியை நான் ஒருமுறை பார்த்தேன். இதை உன்னிடம் சொல்லவே இல்லை. மூன்று வருடம் முன்பு சாலாக் செலாத்தான் கோயிலில் ஒரு காதுகுத்து விசேஷம். தூரத்திலேயே அவளைத் தெரிந்துகொண்டு நான் கூட்டத்துக்குள் ஒதுங்கினேன். அவளே தேடி வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. "ஆன்டி, என்னைத் தெரியுதா? கோலாட்டத்துல எல்லாத்தையும் சொதப்புனேனே, அவ" என்று சிரித்தாள். அதே சத்தமான சிரிப்பு. பிறகு, "உங்க மகன் எனக்காகத்தான் அப்படி சொன்னாரு. எங்கப்பா முன்னால எனக்கு அவமானம் ஆகக் கூடாதுன்னு. நான் ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல ஆன்டி, அழுதுகிட்டே போயிட்டேன்" என்றாள். நான் மெதுவாக, "நான்தானே உன்னை இடம் மாத்தினேன்" என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன பண்ணுவீங்க? உயரம் பாத்துதானே மாத்தினீங்க. மேடைன்னா அதெல்லாம் பாக்கணும்ல" என்றாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள், நான் அதை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது, "அவரு இன்னும் ஆடுறாரா?" என்று கேட்டாள். வேலை அதிகம், நேரமில்லை என்று சொன்னேன்.

நீ அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றெல்லாம் நான் இப்போது சொல்ல வரவில்லை. ஷாமினி நல்ல பெண், நீயாகப் பார்த்து முடிவு செய்தாய், அவர்கள் என்ன ஆட்கள் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, அடக்கினேன். அடக்கியதற்கு என்னை யாரும் பாராட்ட வேண்டாம், அந்தக் காலத்திலேயே அடக்கியிருக்க வேண்டியது. நீ மேடையில் ஆட வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஆடுவதும் ஆடாததும் உன் இஷ்டம். ஆனால் உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் உன்னைப் பற்றி முதலில் தெரிந்துகொள்கிற விஷயம் என்னால் வந்த ஒரு பொய்யாக இருக்க வேண்டாம்.

அதனால் நேற்று நானே அவளிடம் சொல்லிவிட்டேன். சேலை எடுக்க என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும் வழியில், இங்கே எழுதியதையெல்லாம், அவர்கள் என்ன ஆட்கள் என்று கேட்டது உட்பட, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். என்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாலும் சரி என்று துணிந்துதான் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் வண்டியை ஓட்டினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது ரேடியோவை அணைத்தாள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அவரு ஆட வந்தா அவருக்கு எதிர்ல நான்தான் நிப்பேன் ஆன்டி. நீங்க தயவுசெஞ்சு யாரையும் மாத்தாதீங்க."

சிரித்துக்கொண்டு சொன்னாளா, கோபத்தில் சொன்னாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாற்ற மாட்டேன் என்று சொன்னேன்.

அம்மா